பாப்பாவின் இடது கண்

என் மகளுக்கு இரண்டு மாதமாக இருந்தபோதே இடது கண் மூக்குப் பக்கம் ஒதுங்குவதைப் பார்த்தேன். பால் குடித்துச் சொக்கும் நேரத்தில் மட்டும் அப்படி இருக்கும், அப்புறம் சரியாகிவிடும். தடுப்பூசிக்குப் போனபோது குழந்தை டாக்டரிடம் கேட்டேன். "மூணு நாலு மாசம் வரைக்கும் கண்ணு அலையும்மா, பழகிடும்" என்றார். அது உண்மைதான். இரண்டு கண்ணையும் ஒரே இடத்தில் நிறுத்திப் பழகப் பச்சைக் குழந்தைக்குச் சில மாதம் ஆகும். நான்கு மாதம் தாண்டியும் ஒதுங்கினால் காட்ட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஐந்தாம் மாதத்தில் அந்தக் கண் எந்நேரமும் உள்ளேயே நின்றது. வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. தொட்டிலில் கிலுகிலுப்பையைத் தாழக் கட்டியதுதான் காரணம் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. "மாறுகண் யோகம்மா, விடு" என்றார் அத்தை. மூக்குத்தண்டு அகலமாக இருப்பதால் அப்படித் தெரிகிறது, வளர்ந்தால் சரியாகும் என்றார் என் அம்மா. அம்மா சொன்னது பல குழந்தைகளுக்குப் பொருந்தும். அதனால் போனில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது கண்ணில் வெளிச்சப் புள்ளி கருமணியின் நடுவில் இருந்தது. இடது கண்ணில் வெளியோரமாக விழுந்திருந்தது. வெறும் மூக்கு அகலம் என்றால் இரண்டிலும் ஒரே மாதிரி விழுந்திருக்கும். அந்த வாரமே மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கிளம்பினோம்.

அங்கே டாக்டரம்மா ஒரு பொம்மையைக் காட்டிக்கொண்டே இடது கண்ணைக் கையால் மறைத்தார். பாப்பா கண்டுகொள்ளவே இல்லை, பொம்மையைப் பார்த்துச் சிரித்தாள். வலது கண்ணை மறைத்ததும் வீறிட்டு அழுது கையைத் தட்டிவிட்டாள். "இடது கண்ணை இவ உபயோகிக்கவே இல்லம்மா" என்றார். அதுவரை அழகைப் பற்றித்தான் கவலைப்பட்டிருந்தேன். ஒதுங்கிய கண் அனுப்பும் காட்சியை மூளை ஒதுக்கி ஒதுக்கி, அந்தக் கண் பார்க்கவே பழகாமல் போய்விடும், சோம்பல் கண் என்பது இதுதான் என்று அவர் சொன்னபோது, காத்திருந்த நாட்களை எண்ணி எனக்குக் கையெல்லாம் நடுங்கியது.

கண் பவரைப் பார்க்க, கண் பாவையை விரிக்கும் அட்ரோபின் ஆயின்மென்டை மூன்று நாள் போட்டு வரச் சொன்னார்கள். முகம் சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ நிறுத்திவிட்டுக் கூப்பிடச் சொன்னார்கள். பாவை விரிந்து, வெளிச்சத்தில் கூசி, மூன்று நாளும் என் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பவர் குறைவுதான், கண்ணாடி போட்டு நிமிர்த்த முடியாது என்றார்கள். விழித்திரையையும் பார்த்தார்கள். கண்ணுக்குள் கட்டி இருந்தாலும் முதலில் மாறுகண்ணாகத் தெரியலாம் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். விழித்திரை நன்றாக இருந்தது.

முதல் வேலை, இடது கண் பார்க்கப் பழக, நல்ல கண்ணை மூடித் தினமும் இரண்டு மணி நேரம் பேட்ச் ஒட்டுவது. முதல் வாரம் கொடுமை. ஒட்டிய அடுத்த நொடி பிய்த்துவிடுவாள். கைக்கு சாக்ஸ் மாட்டினேன், அதையும் கடித்து உருவினாள். கடைசியில் பலித்தது தண்ணீர்தான். அன்னக்கூடையில் உட்கார வைத்து, பேட்சை ஒட்டி, குவளையால் ஊற்றிக் காட்டினால் மறந்துவிடுவாள். பேட்ச் அதிகமானால் நல்ல கண்ணின் பார்வையும் குறையலாம் என்பதால் அடிக்கடி வரச் சொன்னார்கள், ஒரு தவணையும் விடவில்லை. மாதங்கள் போய், இடது கண்ணாலும் மாற்றி மாற்றிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் ஆபரேஷன் தேதி கொடுத்தார்கள்.

அப்போது பதின்மூன்று மாதம். கண்ணை வெளியே எடுத்துவிடுவார்கள் என்று அத்தை பயந்தார். அப்படி எதுவும் இல்லை. கண்ணை உள்பக்கம் இழுக்கும் தசையைப் பிரித்து, கொஞ்சம் பின்னால் தள்ளித் தைக்கிறார்கள். இரண்டு கண்ணிலும் செய்தார்கள். மயக்க மருந்துக்காக விடியற்காலை நான்கு மணியோடு தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னதுதான் கடினம். உள்ளே கொண்டுபோகும்வரை என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்தபோது கண் செம்பருத்தி மாதிரி சிவந்திருந்தது, கண்ணீரில் லேசாக ரத்தம். மூன்று வாரத்தில் வெளுத்தது. சொட்டு மருந்தை அவள் தூங்கும்போதுதான் விட்டேன். கண் நேராக நிற்கிறது. வளர வளரக் கண்ணாடி தேவைப்படலாம், இன்னொரு ஆபரேஷனும் வரலாம் என்று முன்பே சொல்லியிருக்கிறார்கள். பேட்ச் இப்போது ஒரு மணி நேரம் மட்டும். நேற்று சாயங்காலம் வலது கண்ணில் அதை ஒட்டியபடி தவழ்ந்தவள், சமையலறை வாசலில் போன ஒரு எறும்பின் பின்னாலேயே விரலை நீட்டிக்கொண்டு சுவர் வரை போனாள்.