ஆறு கோல் வாங்குறத பாக்கத்தான் பினாங்குலேர்ந்து கே.எல் (கோலாலம்பூர்) போனேனா

இன்னும் முதுகு நிமிர மாட்டேங்குது. காலைல பட்டவொர்த்ல இறங்கி ஃபெரில ஏறி வீட்டுக்கு வந்து குளிச்சிட்டு சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். எப்டி போறது, எங்க சாப்புடறது, எவ்ளோ செலவுன்னு வரிசையா எழுதணும்னுதான் நெனச்சேன், ஆனா இப்ப இருக்குற கடுப்புக்கு வரிசை வருமான்னு தெரியல.

விஷயம் இதான். 2024 மலேசிய எஃப்.ஏ கப் ஃபுட்பால் ஃபைனல், ஆகஸ்ட் 24, சனிக்கெழம, கே.எல்ல புக்கிட் ஜாலில் ஸ்டேடியம். சிலாங்கூருக்கும் ஜொகூர் டீம் ஜேடிடிக்கும். நான் பினாங்குக்காரன்தான் ஆனா எங்கப்பா சிலாங்கூர் எஸ்டேட்ல பொறந்து வளந்தவரு, கல்யாணத்துக்கு அப்புறம்தான் இங்க வந்தாரு, அதனால எங்க வீட்ல சாமி படத்துக்கு அடுத்தது செவப்பு மஞ்ச ஜெர்ஸிதான். மெர்டேக்கா ஸ்டேடியத்துல கோல்கீப்பர் ஆறுமுகத்த நேர்ல பாத்தத இன்னும் சொல்லிக்கிட்டே இருப்பாரு. அந்த நீளமான கைக்குத்தான் ஸ்பைடர்மேன்னு பேராம், 1988ல கார் ஆக்ஸிடண்ட்ல போனப்ப அப்பா ரெண்டு நாள் சாப்புடலயாம், அம்மா சொல்வாங்க.

பஸ். காலைல 8 மணி பஸ் 9.40க்கு வந்துச்சு. கம்பெனி பேரு சொல்ல விரும்பல. என் சீட்டுக்கு மேல ஏர்கோன் ஒழுகுது, சொட்டு சொட்டா இல்ல, கொழாய தொறந்த மாதிரி. டிரைவர்கிட்ட சொன்னா டிஷ்யூ பாக்கெட் ஒண்ண நீட்டுறாரு, டிஷ்யூவ வெச்சு நான் என்ன பண்ணட்டும், அணையா கட்ட முடியும்? ஈப்போ வரைக்கும் ஒரு பக்க தோள் நனைஞ்சுதான் போனேன். ஈ.டி.எஸ் ரயில்ல போயிருக்கலாம்தான், ஆனா காசு கூட, ரெண்டு வேள சாப்பாட்டு காசு மிச்சம்னு கணக்கு போட்டது தப்பா போச்சு.

டி.பி.எஸ்ல, அதான் கே.எல் பஸ் ஸ்டேஷன்ல, இறங்குனப்ப பசி உயிர் போகுது. பக்கத்துல பண்டார் தாசிக் செலாத்தான்ல கொம்யூட்டர் ரயில் புடிச்சு கே.எல் சென்ட்ரல், அங்கேர்ந்து நடந்து பிரிக்ஃபீல்ட்ஸ். அங்க சாப்பிட்ட வாழயில சாப்பாடு இருக்கே... இந்த ட்ரிப்ல உருப்படியா நடந்த ஒரே விஷயம். பாவக்கா வறுவல் முறுமுறுன்னு, ஒரு அக்கா கேக்காமயே மூணாவது தடவ வெச்சாங்க, "சாப்புடு தம்பி, எலச்சு போயிருக்கே"ன்னு. ஆட்டு வறுவல்ல எலும்ப விட கறி அதிகம், இது பெரிய விஷயம். மோர் மொளகா கடிச்சு ரசம் குடிச்சு முடிக்கறப்ப பஸ்ஸ மன்னிச்சுட்டேன். நாசி கண்டார் சோத்துக்கு பேர் போன பினாங்குக்காரன் வாயால சொல்றேன், வாழயிலைக்கு கே.எல்தான். சண்டைக்கு வராதீங்க.

புக்கிட் ஜாலில் எல்.ஆர்.டி ரயில் ஸ்டேஷன்ல இறங்குனா ஸ்டேடியம் எதுக்கவே நிக்குது, 1998 காமன்வெல்த் கேம்ஸுக்கு கட்டுனது, 85,000 பேருக்கு மேல உக்காரலாம். ட்ரம் சத்தம் ஸ்டேஷன்லயே கேக்குது, எனக்கு மயிர்கூச்செறிஞ்சிருச்சு. இந்த ரெண்டு டீமும் சும்மாவே ஆகாதுங்க, இதுல மே மாசம் சிலாங்கூர் ஆட்டக்காரர் ஃபைசால் ஹாலிம் மேல யாரோ ஆசிட் ஊத்துனானுங்க, தென்கொரியாவுக்கு எதிரா ஏசியன் கப்ல அப்டி ஒரு கோல் போட்ட பையன், நம்ம பினாங்கு பையன் வேற. சீசன் ஆரம்பிக்கிற சும்பாங்சே கப் மேட்ச் இதே ஜேடிடிக்கு எதிரா இருந்துச்சு, அத தள்ளி வைங்கன்னு சிலாங்கூர் கேட்டும் வைக்கல, சிலாங்கூர் வரவே இல்ல. அந்த கோவம் எல்லாத்தயும் சேத்து இன்னைக்கு காமிப்பாங்கன்னு நெனச்சுத்தான் இவ்ளோ பேரு வந்துருந்தோம்.

காமிச்சாங்க. 6-1.

மேட்ச பத்தி எழுத ஒண்ணும் இல்ல. மூணாவது விழுந்தப்பவே பக்கத்துல இருந்த அங்கிள் ஜெர்ஸிக்கு மேல ஜாக்கெட்ட போட்டு ஜிப்ப கழுத்து வரைக்கும் இழுத்துட்டாரு. சிலாங்கூர் இந்த கப்ப கடைசியா தூக்குனது 2009, அஞ்சு தடவையோட நிக்குது. ஜேடிடிக்கு 2022, 2023, இப்ப இதுன்னு தொடந்து மூணு. லீக்கும் 2014லேர்ந்து அவங்கதான். நல்லா ஆடுறாங்க, காசும் போடுறாங்க, ஒத்துக்கறேன், ஆனா நாக்-அவுட்டுன்னாலே எவனும் எவனயும் சாய்க்கலாம்ங்கறதுதானே சுவாரஸ்யம், 2002ல நம்ம பினாங்கு தூக்கல? 2015ல சிங்கப்பூர்லேர்ந்து லயன்ஸ்12 வந்து இதே கிரவுண்ட்ல அள்ளிட்டு போகல? இப்ப யாரு ரெண்டாவதுன்னு பாக்கத்தான் டிக்கெட் வாங்குற மாதிரி இருக்கு.

இப்ப டாக்சிக்கு வரேன். எல்.ஆர்.டி க்யூ ரோடு வரைக்கும், எனக்கு டி.பி.எஸ்ல 12.15க்கு பஸ். ரெண்டே ஸ்டேஷன் தூரம்! வெளில நின்ன டாக்சிக்காரரு, நம்மாளுதான், "60 வெள்ளி தம்பி"ங்கறாரு (வெள்ளின்னா ரிங்கிட்). "அண்ணே, ரெண்டு ஸ்டேஷன்ணே." "மேட்ச் நாள்லா தம்பி, ஜாம்." "மீட்டர்?" சிரிக்கிறாரு. என் ஜெர்ஸிய பாத்துட்டு "சரி, ஆறு கோல் வாங்கிருக்கீங்க, 50 குடு"ன்னாரு. ஒரு கோலுக்கு ரெண்டு வெள்ளி கூட தள்ளுபடி இல்லாம போச்சுன்னு கடைசில 50 குடுத்தேன், வேற வழி? போற வழியெல்லாம் அவரு ஜேடிடியோட பாஸிங்க புகழ்ந்துகிட்டே வந்தாரு, காதுல பட்ஸ் மாட்டிகிட்டேன்.

திரும்பி வந்த பஸ்ல ஏர்கோன் ஒழுகல. வேலயே செய்யல.

செலவு சொல்றேன்னு சொன்னேன்ல. பஸ் போக வர, டிக்கெட், சாப்பாடு, ஸ்டேடியம் வாசல்ல உணர்ச்சிவசப்பட்டு வாங்குன மஃப்ளர் 35 (இந்த வெயில்ல மஃப்ளர்!), டாக்சி எல்லாம் சேத்து 300 வெள்ளி கிட்ட. காலைல வீட்டு கதவ தொறந்த அப்பா ஸ்கோர பத்தி ஒரு வார்த்த பேசல, எவ்ளோ ஆச்சுன்னு மட்டும் கேட்டாரு. 150ன்னு சொல்லிருக்கேன். படிக்கிற சொந்தக்காரங்க யாரும் உளறிடாதீங்க.