அறுநூறு வரி மெத்தடும் காரைக்கால் பின்கோடும்

கும்பகோணத்துக் கடை ஒன்றின் ஆன்லைன் தளத்தை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, மாப்பிள்ளை சம்பா, கருப்பு கவுனி, இவைதான் அதிகம் போகும் சரக்கு. பிஎச்பி மொழியில் தளம் கட்ட உதவும் லாரவெலில் எழுதிய தளம், எனக்கு முன்னால் பல பேர் கைபட்டது. அதில் 'பிராசஸ்ஆர்டர்' என்று ஒரு மெத்தட், அதாவது ஒரு வேலைக்கென்று பெயர் வைத்த கோட் துண்டு, அறுநூறு வரிக்கு மேல். ஸ்டாக் பார்ப்பது, தள்ளுபடி, வரி, கூரியர் கூலி, பேமென்ட், இன்வாய்ஸ், எஸ்எம்எஸ் எல்லாம் அதற்குள்ளேயே நடக்கிறது.

எழுதினவர்களைத் திட்ட மனசு வரவில்லை. வியாபாரம் நடக்கிற இடத்தில் கோட் இப்படித்தான் வளரும். ஆடித் தள்ளுபடிக்கு ஒரு இஃப், 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்கிற நிபந்தனை. கார்த்திகைக்கு விளக்கு வாங்கினால் திரி இலவசம் என்றார்கள், அதற்கு ஒன்று. 2022 ஜூலை 18-லிருந்து 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது, அவசரத்துக்கு நடுவில் இன்னொன்று. கடைசியில் 2025 செப்டம்பர் 22-ல் 12 சதவீத அடுக்கே போய், கைவினை விளக்கும் பொம்மையும் 5-க்கு இறங்கியபோது விஷயம் முற்றிவிட்டது. 12 என்ற எண் அந்த மெத்தடுக்குள் மூன்று வேஷத்தில் இருந்தது. ஓர் இடத்தில் வரி, ஓர் இடத்தில் மாதம், இன்னோர் இடத்தில் ஒரு பெட்டிக்கு எத்தனை அகல் என்கிற கணக்கு. கண்ணை மூடிக்கொண்டு 12-ஐ 5 ஆக்கினால் டிசம்பர் மே மாதம் ஆகிவிடும்.

வரி மாற்றத்தை எப்படியோ தேடித் தேடிச் செய்து முடித்த பிறகு, கடைக்கார அண்ணனிடம் இதைப் பிரித்தே ஆக வேண்டும் என்றேன். "பிரிச்சா விக்கிறது கூடுமா?" என்று கேட்டார். கூடாது. அடுத்த முறை வரி மாறும்போது ராத்திரி முழுக்க உட்கார வேண்டியிருக்காது, அவ்வளவுதான். அதற்கே சம்மதித்தார்.

நேராகப் பிரிக்க ஆரம்பிக்க முடியாது. சரியாகத்தான் பிரித்தோமா என்று தெரிய டெஸ்ட் வேண்டும். டெஸ்ட் எழுதலாம் என்றால், மெத்தடை ஓட்டினாலே நிஜ வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் போய்விடும், பேமென்ட் கேட்வேயைக் கூப்பிட்டுவிடும். அதனால் முதலில் வெளியே போகிற வேலைகளை மட்டும் கத்தரித்துத் தனி கிளாஸ்களில் வைத்தேன். இன்றைய தேதியை உள்ளேயே எடுப்பதை நிறுத்தி, வெளியிலிருந்து கொடுக்கும்படி மாற்றினேன். இல்லையென்றால் ஆடித் தள்ளுபடியைச் சோதிக்க ஆடி வரை காத்திருக்க வேண்டும். பிறகு பழைய ஆர்டர்களில் பெயர், போன், தெரு எல்லாம் அழித்துவிட்டு, பொருள், எடை, பின்கோடு, மாநிலம், தேதி மட்டும் வைத்து மெத்தடுக்குள் ஓட்டி, வந்த வரி, கூலி, மொத்தம் மூன்றையும் ஒரு ஃபைலில் சேமித்தேன். அந்தப் பதில் சரியா தப்பா என்பது இப்போதைக்குக் கேள்வி இல்லை. பழைய கோட் என்ன சொன்னதோ அதையேதான் புதிய கோடும் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகும், தேர்ந்தெடுத்த வரிகளைத் தனி மெத்தடாக எடுத்துத் தரும் 'எக்ஸ்ட்ராக்ட் மெத்தட்' என்ற எடிட்டர் வசதி உடனே உதவவில்லை. எந்தப் பத்து வரியைத் தேர்ந்தெடுத்தாலும் ஆறேழு வேரியபிளை (ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்) உள்ளே அனுப்பி, நாலைந்தைத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. காரணம் '$டோட்டல்'. மேலே அது பொருள்களின் விலை. கொஞ்சம் கீழே வந்தால் தள்ளுபடி போனது. அப்புறம் வரி சேர்ந்தது, கூலி சேர்ந்தது, கடைசியில் 100-ஆல் பெருக்கிப் பைசா. பெயர் ஒன்று, ஆள் ஐந்து. நீளமான மெத்தடைப் பார்த்ததும் எல்லோரும் வெட்டத்தான் கிளம்புகிறார்கள். நான் சொல்வேன், வெட்டுவதற்கு முன்னால் ஒரே பெயரில் பல வேலை பார்க்கும் வேரியபிள்களைப் பிரியுங்கள். பொருள்விலை, தள்ளுபடிக்குப்பின், வரி, கூலி, செலுத்தவேண்டியது என்று ஐந்தாக்கியதும், எங்கே வெட்ட வேண்டும் என்பது தானாகவே தெரிந்தது. அனுப்ப வேண்டியதும் ஒன்றிரண்டாகக் குறைந்துவிட்டது.

(பைசா பற்றி ஒரு வார்த்தை. பிஎச்பியில் 19.99-ஐ 100-ஆல் பெருக்கி இன்டிஜராக மாற்றிப் பாருங்கள், 1998 வரும். காசுக் கணக்கை முதலிலிருந்தே பைசாவில், முழு எண்ணாக வைத்துக்கொள்வது நல்லது.)

பெயர் வைப்பதில்தான் எனக்கு அதிக நேரம் போனது. அதை நான் தனியாக உட்கார்ந்து செய்யவும் இல்லை. ஓர் இடத்தில், கேட்டகரி 7, எடை 5-க்கு மேல் என்றால் 180 கூட்டு என்று இருந்தது. கமென்ட் எதுவும் கிடையாது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பேக்கிங் பக்கம் போனேன்.

"அக்கா, அஞ்சு கிலோவுக்கு மேல போனா 180 ரூபா போடுதே, அது என்னத்துக்கு?"

"விளக்குதானே பாப்பா? தட்டு, தண்டு, மேல் அன்னம் எல்லாம் கழட்டித் தனித்தனியா சுத்தி வச்சாலும் பெரிய விளக்கு அட்டைப்பெட்டியக் கிழிச்சிக்கிட்டு வந்துடும். மரப்பெட்டி அடிக்கச் சொல்லுவாரு. அந்தக் கூலி."

அந்த மெத்தடின் பெயர் 'மரப்பெட்டிக்கூலி' ஆனது. பொம்மைக்கு வேறு கணக்கு. எடை ஒன்றுமே இல்லை, ஆனால் இடம் அடைக்கும். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்துக் கூரியர்காரர்கள் போடும் வால்யூம் எடைதான் அங்கே ஜெயிக்கும். கோடில் இந்த இரண்டும் ஒரே இஃப்-எல்ஸ் குவியலில் கிடந்தன. அக்காவின் வாயில் அவை முதலிலிருந்தே இரண்டு வேலை. இருபது வரிக்கு மேல் மெத்தட் போகக்கூடாது என்பது போன்ற விதிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த விதி மாறினால் கடையில் யாரைப் போய்க் கேட்பேன் என்பதே என் அளவுகோல். இரண்டு பேரைக் கேட்க வேண்டுமென்றால் அது இரண்டு மெத்தட்.

அந்த வழியில் போனதால்தான் காரைக்கால் மாட்டியது.

வரிப் பகுதியில் பின்கோடின் முதல் இரண்டு எண் 60 முதல் 64-க்குள் இருந்தால் மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனைக்கான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி (மத்திய அரசுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று) என்று பாதிப் பாதி, இல்லையென்றால் மாநிலம் தாண்டிய விற்பனைக்கான ஐஜிஎஸ்டி என்று கோடில் ஒரு வரி இருந்தது. அதை வெளியே எடுத்து 'தமிழ்நாட்டுக்குள்ளேயா' என்று பெயர் வைத்தேன். பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்த அண்ணன், கோட் என்றால் என்ன என்றே தெரியாதவர், "ஏம்மா, அப்ப காரைக்கால்?" என்றார்.

மயிலாடுதுறை 609001. காரைக்கால் 609602. ஆற்றுப் பாசனம் ஒன்றுதான், ஆனால் காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசம். கும்பகோணத்திலிருந்து அங்கே விளக்கு போனால் அது மாநிலம் தாண்டிய விற்பனை, ஐஜிஎஸ்டி போட வேண்டும். மூன்று எண் பார்த்தால் போதுமா என்றால் அதுவும் ஆகாது, 609 இரண்டு ஊருக்கும் பொது. 605-ல் விழுப்புரம் மாவட்டத்து ஊர்களும் உண்டு, புதுச்சேரியும் உண்டு. இத்தனைக்கும் ஆர்டர் ஃபாரத்தில் மாநிலம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. வாடிக்கையாளர்கள் ஒழுங்காக நிரப்பியும் இருக்கிறார்கள். டேட்டாபேஸில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது, யாரும் எடுத்துப் பார்த்ததில்லை.

அந்த ஒரு வரி நானூறு வரிக்குக் கீழே, ஒரு இஃப்புக்குள் இருந்த இஃப்புக்குள், எண்களாக இருந்தவரை அண்ணனுக்கு அதைப் பார்க்க வழியே இல்லை. ஒரு கேள்வியாகத் திரையில் நின்றதும் ஒரு நொடியில் பிடித்துவிட்டார்.

கை பரபரத்தாலும் அங்கேயே திருத்தவில்லை. தாளில் குறித்து வைத்துவிட்டு, பழைய தப்போடேயே பிரித்து முடித்தேன். ஒப்பிடும் ஃபைலில் ஒரு பைசா வித்தியாசம் வராமல் எல்லாம் கமிட் ஆன (மாற்றமாகப் பதிவான) பிறகு, தனி கமிட்டில் 'தமிழ்நாட்டுக்குள்ளேயா' மாநிலக் கட்டத்தைப் பார்க்கும்படி மாற்றினேன். இப்போது ஃபைலில் புதுச்சேரிப் பிரதேச ஆர்டர்கள் மட்டும் மாறின, அதிலும் மொத்தம் அப்படியே இருக்க வரியின் தலைப்பு மட்டும். இரண்டையும் கலந்து செய்திருந்தால் எந்த மாற்றம் நான் வேண்டுமென்று செய்தது, எது கைதவறி வந்தது என்று சொல்லவே முடியாது. பழைய பில்களின் பட்டியலை எடுத்துக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது, மீதியை ஆடிட்டர் பார்த்துக்கொண்டார்.

இப்போது 'பிராசஸ்ஆர்டர்' ஒரு திரைக்குள் அடங்குகிறது. மாத அறிக்கைக்கான மெத்தட் நூறு வரிக்கு மேல் இருக்கிறது, அதைத் தொடவில்லை. மேலிருந்து கீழே ஒரே நேராகப் போகிறது, வளைவு நெளிவு இல்லை, வாசிக்கச் சிரமமில்லை. அதை ஏழாக உடைத்தால் ஏழு இடத்துக்கு ஓடி ஓடிப் படிக்க வேண்டியதுதான் மிச்சம்.

ரிட்டர்ன் மெத்தடும் நீளம்தான், வாசிக்கவும் சகிக்காது. ஆனால் வழியில் உடைந்த பொம்மைக்கு முழுப் பணமா, புதுப் பொம்மையா, கூரியர் கூலியை யார் ஏற்பது என்பது கடைக்குள்ளேயே இன்னும் தீரவில்லை. அண்ணன் ஒன்று சொல்கிறார், அக்கா ஒன்று சொல்கிறார். அவர்கள் பேசி முடிக்கட்டும், அப்புறம் அதைத் திறக்கிறேன்.