மூடாத பின்கதவு

மூன்று நாட்களாக எங்கள் எஸ்யூவியின் தானியங்கிப் பின்கதவு படாதபாடு படுத்திவிட்டது. பொத்தானை அழுத்தினால் சீராக இறங்கும். மூட ஒரு சாண் இருக்கும்போது ‘பீப்’ என்று கத்திவிட்டு மீண்டும் மேலே போய்விடும்.

பேட்டரியாக இருக்குமோ என்று அளந்தேன். 12.5 வோல்ட், குறையில்லை. பூட்டிலும் தூசி இல்லை. பிறகு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, கதவின் ஓரத்து ரப்பர் பட்டையை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். இடப்பக்கம் கீழே நான்கு விரல் நீளத்துக்குப் பட்டை பள்ளத்திலிருந்து பிதுங்கி நின்றது! எதுவும் நசுங்காமல் கதவைத் திருப்பி அனுப்பும் சென்சார் அதற்குள்தான் இருக்கிறது. பிதுங்கிய பகுதி காரின் சட்டத்தில் உரசியதும், ஏதோ சிக்கிவிட்டதாக அது நினைத்திருக்கிறது. அதிவேகத் தண்ணீரில் கழுவியபோது கழன்றிருக்க வேண்டும்.

துடைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பொருத்தினேன். ‘டக்’ என்று மூடிக்கொண்டது.

சென்சார் இணைப்பைக் கழற்றிவிடச் சொன்னார் நண்பர் ஒருவர். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். என் மகள் எப்போதும் அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள்.