நூறு கிலோமீட்டர் மலை ஓட்டமும் மதுரை உடம்பும்

மதுரையிலிருந்து நூறு கிலோமீட்டர் மலை ஓட்டத்துக்கு ஆயத்தமாகிறவர்கள் பெரும்பாலும் வெயிலைப் பற்றியே பேசுகிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் ஓடிப் பழகிய உடம்பு எதையும் தாங்கும் என்ற நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. என் கவலையோ குளிரைப் பற்றியது. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த நூறு கிலோமீட்டர் போட்டியில் 172 பேர் ஓடினார்கள். மலைப்பகுதியில் திடீரென ஆலங்கட்டி மழையும் கடுங்காற்றும் சேர்ந்துகொள்ள, உடல் வெப்பம் குறைந்து 21 பேர் இறந்தனர். அந்நாட்டின் முன்னணி வீரரான லியாங் ஜிங்கும் அவர்களில் ஒருவர். பலர் அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனும் மட்டுமே அணிந்திருந்தனர். காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் அந்தப் போட்டியின் கட்டாயப் பொருள்களில் இல்லை. ஆடு மேய்க்கும் ஒருவர் ஆறு பேரைக் குகைக்குள் சேர்த்து, நெருப்பு மூட்டிக் காப்பாற்றினார்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். மதுரை சுமார் 100 மீட்டர் உயரத்திலும் கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேலும் இருப்பதால், இவ்விரண்டுக்கும் இடையே பதின்மூன்று டிகிரி வித்தியாசம் சாதாரணமானது. வியர்வையில் நனைந்த பனியனும் காற்றும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ஓடும் வரை உடம்பு தானே சூடு உண்டாக்கிக்கொள்ளும். களைத்துப்போய் நடக்கத் தொடங்கும்போதுதான் குளிர் பிடிக்கும் என்பதால், ஆபத்து பந்தயத்தின் பிற்பாதியிலும் இரவிலும்தான் அதிகம்.

ஆகவே ஜாக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது, மரத்துப்போன விரல்களால் அதை அணிந்து பழகவும் வேண்டும். மீன் கடையில் ஐஸ் மட்டும் கேட்டால், “மீன் வேணாமாண்ணே?” என்று ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை. வாளித் தண்ணீரில் அந்த ஐஸைப் போட்டு, விரல்கள் மரக்கும் வரை கைகளை அமிழ்த்திவிட்டு, உடனே முதுகுப்பையைத் திறந்து ஜாக்கெட்டைப் போட்டுப் பாருங்கள். ஜிப்பின் சின்ன நுனி விரலுக்குள் நிற்காமல் நழுவும். அதில் ஷூ நாடாத் துண்டு ஒன்றை வளையமாகக் கட்டிவிட்டால் உள்ளங்கையைக் கொண்டே இழுத்துவிடலாம். பையின் அடியில் கிடந்த ஜாக்கெட் மேலே வரவேண்டும் என்பதும் அப்போதுதான் உறைக்கும்.

ஏற்றத்தைவிட இறக்கமே தொடைத் தசைகளை அதிகம் கிழிக்கிறது. சமணர் மலைப் படிகள் தொடக்கத்துக்கு நல்லவை என்றாலும் அந்த உயரம் போதாது. சிறுமலையின் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் தொடர்ந்து இறங்கிப் பழகிய தசை, அடுத்தடுத்த முறைகளில் குறைவாகவே சேதமடையும். காட்டுப் பாதையில் பயிற்சி செய்வதானால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. மலையேறப் போனவர்களைப் பலிகொண்ட 2018 குரங்கணிக் காட்டுத் தீயை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது.

வெயில்காரர்களான நமக்கு இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு: தாகம் எடுக்காமலே லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிப்பது. அளவுக்கு மீறிய தண்ணீரால் இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் தலைவலி, வாந்தி, குழப்பம் எனத் தொடங்கி வலிப்பு வரை போகலாம். தாகத்துக்குக் குடிப்பதே பாதுகாப்பான வழி. ஓட்டத்தின் நடுவே இபுபுரூஃபன் போன்ற வலிமாத்திரைகளைப் போடுவது, ஏற்கனவே நீரிழப்பில் தவிக்கும் சிறுநீரகத்தை மேலும் வதைக்கும்.

எப்போது விலகுவது என்பதை வீட்டில் உட்கார்ந்து, தெளிந்த மூளையோடு எழுதிவைக்க வேண்டும். குளிரில் முதலில் மங்குவது அந்தத் தெளிவுதான். இருக்கிற உடையெல்லாம் அணிந்தும் நடுக்கம் நிற்காவிட்டால், பேச்சு குழறினால், குடித்த தண்ணீர் வயிற்றில் தங்காவிட்டால், சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் போனால் என் ஓட்டம் அத்தோடு முடிந்தது. “இவ்வளவு பணம் கட்டியாச்சு, பாதியில எப்படிண்ணே நிக்கிறது?” என்று கூட ஓடும் தம்பி ஒருவர் கேட்டார். நாம் நிற்காமல் போய் மலை மேல் விழுந்தால், அதே காற்றில் ஏறிவந்து நம்மைச் சுமக்கப் போகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் என்று அவருக்குச் சொன்னேன். எழுதிய தாளின் ஒரு பிரதி மனைவியிடமும் இன்னொன்று உதவிக்கு வரும் நண்பரிடமும் இருக்கும். அவர் போதும் என்றால் நான் வாதாடக் கூடாது என்பதும் அதில் ஒரு நிபந்தனை.