தனுஷ்கோடி மணலில் இறுகிய முடிச்சு

ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை வரைக்கும் இப்போது தார்ச்சாலையிலேயே போய்விடலாம். 2017-இல் அந்தச் சாலை திறக்கும் வரை முகுந்தராயர் சத்திரத்தோடு பாதை முடிந்துவிடும். அதற்கப்பால் மணலும் சேறும் கடல்நீர் தேங்கிய பள்ளங்களும்தான். பழகிய வேன்காரர்கள் மட்டும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் வருவார்கள். வண்டி மணலில் மாட்டுவதும், இன்னொரு வண்டி கயிறு கட்டி இழுப்பதும் அவர்களுக்கு அன்றாட வேலை. சாலை வந்த பிறகு அது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. தாரை விட்டு இரண்டு சக்கரம் இறங்கினாலே போதும், மணல் பிடித்துக்கொள்ளும்.

நாங்கள் போன அன்று இடிந்த தேவாலயத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அப்படி ஒரு கார் நின்றது. திருச்சியிலிருந்து வந்த குடும்பம். ஆண்கடல் பக்கம் படம் எடுக்க இறங்கியிருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவை இங்கே ஆண்கடல் என்றும், அமைதியான பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும்தான் சொல்வார்கள். முன்சக்கரம் இரண்டும் பாதிக்கு மேல் புதைந்திருந்தன. மீன் ஏற்றப் போன வேன் ஒன்று நின்றது. காரில் மஞ்சள் நிற இழுவைப் பட்டை இருந்தது, ஆனால் நீளம் போதவில்லை. வேனில் கிடந்த தடித்த நீலக் கயிற்றை எடுத்துப் பட்டையோடு முடிந்தார்கள். நாங்கள் சக்கரத்தைச் சுற்றி மணலை அள்ளினோம், டயரில் காற்றைக் குறைத்தோம். வேன் மெதுவாக நகர்ந்து இழுக்க, கார் முனகிக்கொண்டே மேலே ஏறிவிட்டது.

சிக்கல் அதற்கப்புறம்தான். பட்டையும் கயிறும் சேர்ந்த முடிச்சு கொட்டைப்பாக்கு மாதிரி இறுகியிருந்தது. காரின் சொந்தக்காரர் நகத்தால் கீறிப் பார்த்தார், பல்லால் இழுத்துப் பார்த்தார். வேன்காரருக்கு அவசரம், மீன் பெட்டிகள் காத்திருந்தன. "வெட்டிடலாமாண்ணே? கயித்துக்குக் காசு குடுத்துடறேன்" என்று கார்க்காரர் கத்தியை எடுத்தார். வேன்காரர் பதில் சொல்லவில்லை. அது படகுக்கு வாங்கிய கயிறு என்று முகத்திலேயே தெரிந்தது.

ஓலைக் கொட்டகை நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். "கத்திய உள்ள வைங்க தம்பி. மண்ண முதல்ல கழுவுவோம்" என்றார்.

ஒரு குடம் தண்ணீரை முடிச்சின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அதைத் திருப்பித் திருப்பிக் கழுவினார். மடிப்புகளுக்குள்ளிருந்து மணல் வந்துகொண்டே இருந்தது. மணல் உள்ளே இருக்கும்வரை இழைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்காது. பலத்தைப் போட்டு இழுத்தால் மணல் இழைகளை அறுக்கும். நீலக் கயிறு பாலிபுரொப்பிலீன். தண்ணீரை உறிஞ்சாது, கடலில் மிதக்கும், அதனால் மீனவர்களுக்குப் பிடித்த கயிறு. அதில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றலாம். தேங்காய்நார்க் கயிறாகவோ பருத்திக் கயிறாகவோ இருந்தால் கதை வேறு. அது ஈரத்தில் உப்பி இன்னும் இறுகும். வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். மழையில் நனைந்த லக்கேஜ் கயிற்றோடு கொடைக்கானலில் மல்லுக்கட்டிய எவருக்கும் இது தெரிந்திருக்கும்.

இழுவைக் கயிற்றின் முடிச்சு மட்டும் ஏன் இப்படிக் கல்லாகிறது? இழுக்கும்போது கயிறும் பட்டையும் நீள்கின்றன, நீளும்போது மெலிகின்றன. மெலிந்த நிலையில் முடிச்சின் சுற்றுகள் ஒன்றுக்குள் ஒன்று ஆழமாகப் புதைகின்றன. வண்டி வெளியே வந்து இழுவிசை போனதும் இழைகள் பழைய பருமனுக்குத் திரும்பப் பார்க்கின்றன, ஆனால் விரிய இடம் இல்லை. பட்டையில் இன்னும் மோசம். தட்டையானது முடிச்சுக்குள் போனதும் விசிறி மடிப்பாக மடிந்து, மடிப்பு ஒவ்வொன்றும் அடுத்ததைக் கவ்விக்கொள்ளும். நுனியைப் பிடித்து இழுக்க இழுக்க அந்தக் கவ்வல்தான் கூடும். எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான்.

பெரியவர் நுனியைத் தொடவே இல்லை. முடிச்சைத் தார்ச்சாலையின் ஓரத்தில் வைத்து, குதிகாலால் அழுத்தி முன்னும் பின்னும் உருட்டினார். அப்புறம் ஒரு சவுக்குக் கட்டையால் தட்டினார். ஓங்கி அடிக்கவில்லை, முடிச்சைக் கால்வாசி திருப்புவார், இரண்டு தட்டு, மறுபடி திருப்புவார். உருண்டையாக இருந்த முடிச்சு கொஞ்சம் சப்பையானது. சப்பையானதும் சுற்றுகளுக்கு நடுவே நிழல் மாதிரி ஒரு இடுக்கு தெரிந்தது. "இதான் வாசல்" என்று கட்டை விரலால் காட்டினார்.

அடுத்து அவர் செய்ததை நான் குனிந்து உட்கார்ந்து பார்த்தேன். வேன் பக்கமிருந்து முடிச்சுக்குள் வரும் கயிற்றை, அதாவது பாரம் தாங்கிய பக்கத்தை, இரண்டு கைகளாலும் பிடித்து அதன் முறுக்கு போன திசையிலேயே இன்னும் முறுக்கினார். மூன்று புரியும் சேர்ந்து கயிறு விறைத்து மெலிந்தது. மெலிந்த கயிற்றை முடிச்சுக்குள்ளே தள்ளினார். இழுக்கவில்லை, தள்ளினார். ஒரு நெல்மணி அளவு உள்ளே போனது. மறுபடி முறுக்கி, மறுபடி தள்ளினார். எதிர்ப்பக்கத்தில் வளைவு லேசாக மேலே எழும்பியது. அந்த இடத்தில் கூர் மழுங்கிய மரமுளை ஒன்றைச் செருகி நெம்பினார். திருப்புளி கொடுத்தோம், வேண்டாம் என்றுவிட்டார். இரும்பின் முனை இழையைக் கிழித்துவிடும். ஒரு இழை அறுந்தாலும் அடுத்த முறை கயிறு அங்கேதான் போகும்.

கொஞ்சம் இளகியதும் வேலை நொடியில் முடிந்தது. நுனிகளை இரண்டு தடவை மாற்றிப் போட்டுக் கட்டிய சாதாரண முடிச்சு அது. ஒரே கயிற்றின் நுனியும் பாரம் தாங்கிய பக்கமும் ஒரே பக்கமாக வெளியே வந்திருக்கும். வேன்காரரை ஒன்றையும் தன் பேரனை மற்றொன்றையும் பிடிக்கச் சொல்லி எதிரெதிராக இழுக்க வைத்தார். கயிறு நேர்கோடாக விறைத்தது. அதுவரை அதோடு பின்னியிருந்த பட்டை, கயிற்றின் மேல் வெறும் வளையங்களாகப் புரண்டுவிட்டது. வளையங்களைத் தள்ளிக்கொண்டே போய் நுனி வழியாக உருவி எடுத்தார். நுனியை ஒரு முழம் மிச்சம் விட்டுக் கட்டியிருந்ததால்தான் இது முடிந்தது. நறுக்கென்று நுனியை வெட்டிவிட்டுக் கட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வேன்காரர் கயிற்றைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு உடனே கிளம்பிவிட்டார். பெரியவர் கார்க்காரரிடம், "இனிமே ரெண்டையும் முடிச்சுப் போடாதீங்க தம்பி, கோத்துடுங்க" என்று சொல்லி, எங்கள் வண்டியில் இருந்த பட்டையையும் வாங்கிச் செய்து காட்டினார். இழுவைப் பட்டைகளின் இரு நுனியிலும் தைத்த காது இருக்கும். ஒரு பட்டையின் காதை மற்றதன் காதுக்குள் விட்டு, அந்த மற்றப் பட்டையின் மறுநுனியை முதல் பட்டையின் காது வழியாக எடுத்தால் இரண்டும் கோர்த்துக்கொள்ளும். இப்படியே இழுத்தால் இதுவும் இறுகும். அந்த இணைப்பின் நடுவே கோணிச் சாக்கைக் கையளவு தடிமனாகச் சுருட்டி வைத்துவிட்டால், எவ்வளவு இழுத்தாலும் சாக்குதான் நசுங்கும். சாக்கை உருவியதும் பட்டைகள் தானாகத் தொய்ந்துவிடும். நாளிதழைச் சுருட்டி வைத்தாலும் சரிதான். இரும்புக் கம்பியை மட்டும் வைக்கவே கூடாது. பட்டை அறுந்தால் அது குண்டு மாதிரி பறந்து வரும். அதே காரணத்துக்காக, இழுக்கும்போது கயிற்றின் நேரே யாரும் நிற்கக் கூடாது. அன்று குழந்தைகளைத் தூரமாக நிறுத்தியதும் அவருடைய பேரன்தான்.

முடிச்சுப் போடுவதைத் தவிர்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் பலம் பாதி வரைக்கும்கூடக் குறைந்துவிடும். வளைவின் வெளிப்பக்க இழைகளே பாரத்தில் பெரும்பகுதியைச் சுமக்கின்றன, உள்பக்க இழைகளுக்குப் பங்கு குறைவு.

அவிழ்த்த பட்டையை அப்படியே சுருட்டி டிக்கியில் போடாமல் விரித்துத் தடவிப் பார்க்க வேண்டும். முடிச்சு இருந்த இடம் வெறும் சுருக்கமாக இருந்தால் நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி நிழலில் உலர்த்தினால் போதும். கண்ணாடிபோல் பளபளத்து விறைத்திருந்தால் உராய்வுச் சூட்டில் இழை உருகியிருக்கிறது என்று அர்த்தம், அந்தப் பட்டை இனி இழுவைக்கு ஆகாது. ஓரத் தையல் பிரிந்திருந்தாலும் அதே முடிவுதான். திருச்சிக்காரரின் பட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு அந்தப் பளபளப்பு இருந்தது. அதை இனி மூட்டை கட்டத்தான் பயன்படுத்தலாம், வண்டி இழுக்க எடுக்கக் கூடாது. அவரும் ராமேஸ்வரம் திரும்பியதும் புதுப் பட்டை ஒன்று வாங்கிவிடுவதாகச் சொன்னார்.