ஸ்பேனரா, சம்மட்டியா

"பிரிக்க வர்றவன் கையில சம்மட்டிதானுங்க இருக்கும், ஸ்பேனரா கொண்டு வருவான்?"

திருப்பூரில் ஒரு மூன்று தள எஃகுக் கட்டடத்தின் டிசைன் கணக்கைப் பேசும்போது, பின்னால் போல்ட்டைக் கழற்றிப் பிரிக்கும்படி கட்டலாம் என்றதற்கு உரிமையாளர் கேட்டது. பதில் சொல்லியாயிற்று, சொன்னது சரிதானா என்பது இன்னும் தீரவில்லை.

பேச்சு ஸ்டட் பற்றியது, அதாவது பீமையும் ஸ்லாபையும் பிணைக்கும் சின்ன எஃகு முளை. 8 மீட்டர் நீள பீம், 3 மீட்டருக்கு ஒன்று. பீமின் மேல் ஸ்டட் வெல்டு செய்து, டெக் ஷீட் என்ற மடிப்புத் தகட்டின் மேல் காங்கிரீட் போட்டால் இரண்டும் சேர்ந்து லோடு தாங்கும். ஐஎஸ்எம்பி 350, அதாவது 350 மில்லிமீட்டர் உயர 'ஐ' வடிவ பீம், போதும். ஸ்டட் இல்லையென்றால் 450 வேண்டும். மீட்டருக்கு 52 கிலோ என்பது 72 ஆகிறது. அந்த 20 கிலோவுக்குக் கிடைக்கும் பலன், என்றைக்காவது ஸ்லாபை அறுத்து எடுத்து, போல்ட்டைக் கழற்றி, பீமை முழுசாக இறக்கலாம் என்பதுதான்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. இங்கே இடிப்பவர், பல நேரம் நமக்கே பணம் கொடுத்துத்தான் கட்டடத்தை எடுக்கிறார். கம்பி, கதவு விற்று அதை ஈடுகட்ட வேண்டும்; நாள் கூடினால் நஷ்டம். கேஸ் கட்டரால் துண்டு போட்டு எடைக்குப் போடுவார். முழுசாக இறக்கினாலும் எஃகின் தரத்துக்கு ஆலை தரும் மில் சான்றிதழ் இல்லாத பீமை இன்னொரு இன்ஜினீயர் எடுப்பாரா? மாதிரி வெட்டி இழுவிசைச் சோதனை செய்ய வேண்டும். 'அளவையும் கிரேடையும் பீமிலேயே வெல்டு எழுத்தில் போடலாம், பெயின்ட் அழிந்தாலும் நிற்கும்' என்று சொன்னதற்கு அவர் சிரித்தார்.

லோடு விஷயத்தில் தகராறே இல்லை. கட்டட லோடுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 இரண்டாம் பகுதிப்படி சதுர மீட்டருக்கு வீட்டுக்கு 2 கிலோநியூட்டன், வகுப்பறைக்கு 3, கடைக்கு 4. எல்லாத் தளத்துக்கும் 4 என்றதும் சம்மதித்தார். தள உயரம் 3.6 மீட்டருக்கும் அப்படியே. குடிவருபவர் மாறுவார் என்பது அவருக்குத் தெரிந்த கதை. சரி, கட்டடம் உபயோகம் மாறி மாறி நின்றாலே போதும், பிரிப்பது எதற்கு என்று விட்டிருக்கலாம்.

ஆனால் பிரிப்பதும் மாற்றுவதும் தனித்தனி இல்லை. ஸ்டட் போட்ட பீமுக்கு மேலே உள்ள ஸ்லாபும் பீமின் ஒரு பாகம். நாளைக்கு லிஃப்ட்டுக்கென்று பீம் ஓரமாக ஸ்லாபை அறுத்தால் அந்த பீமின் பலமே போகும். பிரிக்க வேண்டாம் என்று சேமித்த எஃகு, மாற்றவும் விடாமல் செய்கிறது. இதை அன்று முதலிலேயே இப்படி வைத்திருந்தால் கேட்டிருப்பாரோ என்னவோ. 20 கிலோவை எல்லா பீமுக்கும் பெருக்கிப் பார்த்தால், கேட்டிருக்க மாட்டார் என்றும் தோன்றுகிறது.

கடைசியில் ஸ்டட்டிலிருந்து தப்பியது, இரண்டு பீமுக்கு இடைப்பட்ட ஒரு கட்டம் மட்டும். தெருப்பக்க மூலையில் 3க்கு 8 மீட்டர். அதன் இருபுறமும் ஸ்டட் இல்லாத 450. தளத்துக்கு 320 கிலோதான் கூடுதல். லிஃப்ட் குழிக்கு 1.5 மீட்டர் ஆழம் விட்டு, கீழே அஸ்திவாரங்களை இணைக்கும் கிரேடு பீமையும் விலக்கியாயிற்று. வருங்காலக் குடித்தனக்காரர் பின்பக்கம்தான் லிஃப்ட் வேண்டும் என்றால், அதற்கு இந்தக் கட்டடத்தில் வழியில்லை.