பந்து வருவதற்கு முந்தைய நொடி

இந்திய நேரப்படி 2023 டிசம்பர் 7ஆம் தேதி அதிகாலையில், இங்கிலாந்தில் பர்மிங்ஹாமின் வில்லா பார்க் மைதானத்தில் ஆஸ்டன் வில்லாவும் மான்செஸ்டர் சிட்டியும் ஆடிய லீக் ஆட்டத்தில், சிட்டியின் பக்கத்தைப் பதிவு செய்யும் பொறுப்பு என்னிடம் இருந்தது. சிட்டி ஆட்டம் என்றால் விரல்களுக்கு ஓய்வு கிடைக்காது என்பது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று ஆட்டம் முடியும்வரை, கோலை நோக்கி அடிக்கும் பந்துக்கான விசையை நான் இரண்டே முறைதான் அழுத்தினேன். பக்கத்து இருக்கையில் வில்லாவைப் பதிவு செய்துகொண்டிருந்த தோழி அதே விசையை 22 முறை அழுத்தியிருந்தார். லியோன் பெய்லி அடித்த ஒரே கோலில் வில்லா வென்றது. மஞ்சள் அட்டைகள் சேர்ந்ததால் தடை விதிக்கப்பட்டு, சிட்டியின் நடுக்கள வீரர் ரோட்ரி அன்று ஆடவில்லை.

சென்னையில், ஐரோப்பியக் கால்பந்து ஆட்டங்களின் தரவுகளைத் தொகுக்கும் ஓர் அலுவலகத்தில் நான் வேலை செய்கிறேன். ஓர் ஆட்டத்துக்கு மூன்று பேர் அமர்வோம்: ஆளுக்கு ஓர் அணியாக இருவர் பதிவு செய்ய, மூன்றாமவர் எங்கள் பதிவுகளைச் சரிபார்ப்பார். பந்தை யார் தொட்டார், எந்த இடத்தில் தொட்டார், என்ன செய்தார், அது யாரிடம் போய்ச் சேர்ந்தது என்ற நான்கு கேள்விகளுக்கும் ஒவ்வொரு தொடுகையிலும் உடனுக்குடன் விடை தர வேண்டும். விசைப்பலகைகளில் பாஸுக்கான எழுத்துதான் முதலில் தேய்ந்து அழியும். என் விசைப்பலகையில் அந்த இடம் வெறும் கறுப்பாக இருக்கிறது. விரல் எழுத்தைப் பார்த்துப் போவதில்லை என்பதால் அதை நான் மாற்றிக்கொள்ளவும் இல்லை.

2024 ஜூன் தொடக்கத்தில், எங்கள் தரவை வாங்கும் ஒரு நிறுவனத்தின் சீசன் அறிக்கைக்காக, 2023-24 சீசனின் சிறந்த ஐந்து நடுக்கள வீரர்களைக் காரணங்களோடு தேர்ந்தெடுத்துத் தரும்படி என்னிடம் சொன்னார்கள். இங்கிலாந்து, ஸ்பெயின், ஜெர்மனி, இத்தாலி, பிரான்ஸ் ஆகியவற்றின் ஐந்து பெரிய லீக்குகளில் ஆடியவர்கள் மட்டுமே கணக்கில் வர வேண்டும், ஒரு வாரத்தில் முடிக்க வேண்டும் என்பவைதான் நிபந்தனைகள். சீசன் முழுவதும் நாங்களே பதிவு செய்த எண்கள் கையில் இருந்ததால் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன், அப்படியே முடித்தும் விட்டேன். கோல், கோலுக்கு வழிசெய்யும் கடைசி பாஸான அசிஸ்ட், முன்னோக்கிய பாஸ், பந்தைப் பறித்தது என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் வகுத்துக் கூட்டியதில் ரியல் மாட்ரிட்டின் ஜூட் பெல்லிங்ஹாம் முதலிடத்திலும், சிட்டியின் ஃபில் ஃபோடனும் ஜெர்மனியின் லெவர்குசன் அணியில் ஆடிய ஃப்ளோரியன் விர்ட்ஸும் அடுத்தடுத்தும் வந்தார்கள்.

அந்தப் பட்டியலை எங்கள் பிரிவின் மூத்த சரிபார்ப்பாளரிடம் காட்டினேன். வியாசர்பாடியில் வளர்ந்தவர், இளமையில் ஹாஃப் இடத்தில், அதாவது நடுக்களத்தில், ஆடியவர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். தாளைப் படித்து முடித்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: “தம்பி, பந்து வந்ததுக்கு அப்புறம் என்ன பண்ணாங்கன்னு எழுதியிருக்கே. வர்றதுக்கு முன்னாடி எங்க நின்னாங்கன்னு ஒரு தடவை பாத்துட்டு வா.”

அவர் சொன்னதன் நியாயம் உடனே புரிந்தது, ஏனென்றால் அது எங்கள் வேலையின் குறையும்கூட. தொடுகைதான் எங்கள் அலகு, தொடுகை இல்லாத இடத்தில் எங்களுக்கு எண்ணும் இல்லை. முன்கள வீரரின் உழைப்பு பெரும்பாலும் தொடுகையில் போய் முடிவதால் அவருக்கு இதனால் பெரிய இழப்பில்லை. ஆனால் நடுக்களத்தில் நிற்பவரின் உழைப்பில் பெரும்பகுதி, எதிரணி ஒரு பாஸைக் கொடுக்கலாமா என்று யோசித்துக் கைவிடும்போதே முடிந்துவிடுகிறது. அந்தப் பாஸ் கொடுக்கப்படவே இல்லை என்பதால் நான் அழுத்த வேண்டிய விசை என்று எதுவும் இல்லை.

மீதியிருந்த ஆறு நாட்களும், மைதானம் முழுவதும் தெரியும் அகலக் கோணப் பதிவுகளை எடுத்துவைத்து, பந்தைப் பார்க்காமல் ஒரே ஆளை மட்டும் பார்த்தேன். பந்தைத் தொடர்ந்தே பழகிய கண்ணுக்கு இது கடினமான பயிற்சி. முதல் நாள் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பார்வை தானாகவே பந்தின் பின்னால் போய்விட்டது.

முதலில் ரோட்ரியைப் பார்த்தேன். பந்து தம் அணியின் தடுப்பாட்டக்காரரிடம் இருக்கும்போது அவர் ஒருமுறை இடது தோளுக்கு மேலாகப் பின்னால் பார்க்கிறார், இரண்டு எட்டு நகர்கிறார், மறுபடி வலது தோளுக்கு மேலாகப் பார்க்கிறார். பந்து அவரிடம் வந்து சேரும்போது அடுத்த பாஸ் எங்கே போக வேண்டும் என்பது முடிவாகியிருக்கிறது. ஓடி வரும் எதிராளி நெருங்குவதற்கு ஒரு எட்டு மிச்சமிருக்கும்போதே பந்து போய்விடுவதால், அவர் அவசரப்படுவதைப் பார்க்கவே முடிவதில்லை. சிட்டி பந்தை இழக்கும் நேரங்களில், எதிரணி வேகமாகக் கிளம்புவதற்கான வழியில் அவர் முன்பே நின்றிருக்கிறார். அந்த சீசனில் லீக்கில் அவர் அடித்த 8 கோல்களும் கொடுத்த 9 அசிஸ்ட்டுகளும் என் பட்டியலில் முன்பே இருந்தன. இந்தத் தோள் திருப்பல்கள் இல்லை.

அதன் பிறகு சிட்டி தோற்ற லீக் ஆட்டங்களை எடுத்தேன். அந்த சீசனில் அவை மொத்தம் மூன்றுதான்: செப்டம்பரில் வுல்வ்ஸிடம், அக்டோபரில் ஆர்சனலிடம், டிசம்பரில் வில்லாவிடம். மூன்றிலுமே ரோட்ரி ஆடவில்லை. முதல் இரண்டும், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஆட்டத்தில் வாங்கிய சிவப்பு அட்டைக்கான தடைக் காலத்தில் நடந்தவை. மறுபக்கம், 2023 பிப்ரவரிக்குப் பிறகு அவர் களமிறங்கிய 74 ஆட்டங்களில் சிட்டி ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 2024 மே 25 அன்று எஃப்ஏ கோப்பை இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்தான் அந்த வரிசையை முடித்துவைத்தது. மூன்று ஆட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரை எடைபோடுவது நியாயமாகாது என்பதையும் நான் மறக்கவில்லை. அந்த மாதங்களில் கெவின் டிபுருய்னே காயத்தில் இருந்தார், வில்லா ஆட்டத்தில் ஜாக் கிரீலிஷும் தடையில் இருந்தார். ஆயினும் அந்த டிசம்பர் இரவில் நான் பதிவு செய்தவற்றை மீண்டும் ஓட்டிப் பார்த்தபோது, சிட்டியின் தடுப்பாட்டக்காரர்கள் தங்களுக்குள்ளேயே பந்தைத் தட்டிக்கொண்டிருந்ததையும், நடுவில் கொடுக்க ஆளில்லாமல் நெடும் பந்து அடித்ததையும் பார்க்க முடிந்தது. 91 புள்ளிகளோடு, ஆர்சனலைவிட இரண்டே புள்ளிகள் கூடுதலாக எடுத்து, தொடர்ந்து நான்காவது முறையாகப் பட்டம் வென்ற அணியில் முதல் பெயர் அவருடையது என்பதில் அதன் பின் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

இரண்டாவதாக டோனி குரூஸை எழுதினேன். ரியல் மாட்ரிட்டில் அது அவருக்குக் கடைசி சீசன். ஏப்ரல் 30 அன்று மியூனிக்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் 24ஆவது நிமிடத்தை மட்டும் நான் எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணவில்லை. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு, முன்கள வீரர் வினிசியஸ் எங்கே ஓட வேண்டும் என்பதைக் கையால் காட்டுகிறார். வினிசியஸ் அப்போதுதான் திரும்பத் தொடங்குகிறார். எதிரணியான பயர்ன் மியூனிக்கின் தடுப்பாட்டக்காரர் கிம் மின்ஜே ஓரடி முன்னே வந்துவிட்டிருக்கிறார். அவர் விட்டுவந்த இடத்தின் வழியே தரையோடு உருண்டு போகும் பந்து, ஓடி வருபவரின் வேகத்தைக் குறைக்காமல் அவர் காலடியில் சேர்கிறது. எங்கள் தரவில் அது ஒரு பாஸ், ஓர் அசிஸ்ட். ஒரு முழு மைதானத்தை ஓட்டக்காரருக்கு முன்னதாகவே பார்த்து, அவருக்கும் காட்டிக்கொடுத்து, பிறகு பந்தையும் அனுப்பிய வேலைக்கு அந்த இரண்டு குறியீடுகளும் போதாது என்று அன்று வருத்தமாகவே இருந்தது. ஜூன் 1 அன்று வெம்ப்லியில் டார்ட்மண்டுக்கு எதிரான இறுதியில் கர்வஹால் தலையால் முட்டிய முதல் கோலும் குரூஸ் அடித்த கார்னரிலிருந்து வந்ததுதான்.

பெல்லிங்ஹாமை விட்டுவிடுவதுதான் மிகவும் கடினமாக இருந்தது. ஸ்பெயினின் லீக்கான லா லிகாவில் 19 கோல்கள் அடித்து, அந்த லீக்கின் சிறந்த வீரர் விருதையும் பெற்றவர் அவர். ஆனால் முன்கள வீரர் கரீம் பென்சிமா போன பிறகு மாட்ரிட்டில் அவர் ஏற்ற வேலை, முன்கள வீரர்கள் இருவருக்குப் பின்னாலிருந்து எதிரணியின் பெனால்டி பெட்டிக்குள் ஓடிப்போய் கோல் அடிப்பது. ஃபோடனுக்கும் விர்ட்ஸுக்கும் இதே காரணத்தைத்தான் எழுதினேன். ஏப்ரல் 14 அன்று வெர்டர் பிரெமனுக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்து லெவர்குசனுக்கு அதன் முதல் புண்டஸ்லிகா (ஜெர்மன் லீக்) பட்டத்தை உறுதி செய்த விர்ட்ஸின் ஆட்டம் அந்த ஆண்டில் நான் பார்த்த மிக அழகான ஆட்டங்களில் ஒன்று. அழகு குறைந்ததால் அவரை நீக்கவில்லை, வேலை வேறு என்பதால் நீக்கினேன். அணியின் பெயர்ப் பட்டியலில் நடுக்களம் என்று அச்சாகியிருப்பது ஒன்று, ஆட்டத்தின் நடுவைத் தாங்கி நிற்பது இன்னொன்று என்று அறிக்கையில் வெளிப்படையாகவே எழுதினேன்.

அதனால் லெவர்குசனிலிருந்து கிரானிட் ஷாக்காவை எடுத்தேன். ஆர்சனலிலிருந்து வந்த முதல் ஆண்டிலேயே, தோல்வியே இல்லாமல் லீக்கை முடித்த அணியின் ஆட்டத்தை அவர்தான் வேகப்படுத்தினார், அவர்தான் நிறுத்தி ஆடவும் வைத்தார். பயிற்சியாளர் ஷாபி அலோன்சோ தாமே அந்த இடத்தில் ஆடியவர் என்பதால், ஷாக்கா நிற்கும் இடங்களில் ஆசிரியரின் கையெழுத்து தெரிந்தது. ஜெர்மன் கோப்பையின் இறுதியில் கைசர்ஸ்லாட்டர்னுக்கு எதிரான ஒரே கோலும் அவருடையது. இன்டர் மிலானின் ஹகான் சால்ஹனோக்லு நான்காமவர். ஒரு காலத்தில் கோலுக்கு அருகே ஆடியவர், இன்டரில் தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் இறங்கி நின்று ஆட்டத்தை நடத்தக் கற்றுக்கொண்டார். ஐந்தாவது இடத்தை ஆர்சனலின் டெக்லன் ரைஸுக்குக் கொடுத்தேன். லீக்கிலேயே குறைவாக, 29 கோல்கள் மட்டுமே வாங்கிய அணியில், சீசனின் முற்பாதியில் பின்னாலும் பிற்பாதியில் இன்னும் முன்னாலும் நின்று இரண்டு வேலைகளையும் பார்த்தவர் அவர்.

அண்ணன் இரண்டாவது தாளையும் படித்தார். ரைஸ் இருந்த இடத்தில் மட்டும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, மற்றதை அப்படியே அனுப்பச் சொன்னார். அந்தக் கேள்விக்குறி நியாயமானது என்றே இப்போதும் நினைக்கிறேன்; பாரிஸில் ஆடிய விட்டினாவை இன்னும் இரண்டு நாள் பார்த்திருந்தால் என் முடிவு மாறியிருக்கக்கூடும்.

ஒருவர் இல்லாதபோது என்ன ஆகிறது என்று பார்ப்பதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வி, அடுத்த மாதமே எனக்கு எழுந்தது. ஜூலை 14 அன்று பெர்லினில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியில் ஸ்பெயினுக்காக ஆடிய ரோட்ரி காயத்தால் இடைவேளையோடு வெளியேறினார். மார்ட்டின் ஜுபிமெண்டி உள்ளே வந்தார். இரண்டாம் பாதி தொடங்கிய சற்று நேரத்திலேயே, 47ஆவது நிமிடத்தில், நிகோ வில்லியம்ஸ் கோல் அடித்தார். இங்கிலாந்து சமன் செய்த பிறகும் ஸ்பெயின் 2-1 என்று வென்றது. இல்லாமையே அளவுகோல் என்றால் அந்தப் பாதி என் பட்டியலுக்கு எதிரான சாட்சி. திரும்பத் திரும்பப் பார்த்ததில், ரோட்ரி நிற்கும் அதே இடத்தில், அதே போலத் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்தபடி ஜுபிமெண்டி நிற்பதைக் கண்டேன். அந்த வேலைக்கென்றே இன்னோர் ஆளை வைத்திருந்த அணி அது. சிட்டியிடம் அப்படி ஒருவர் இருக்கவில்லை. தொடரின் சிறந்த வீரர் விருது ரோட்ரிக்கே வழங்கப்பட்டது.

செப்டம்பர் 22 அன்று ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்தது. அக்டோபர் 28 அன்று பாரிஸில் ஊன்றுகோல்களோடு மேடையேறி, உலகின் சிறந்த வீரருக்கான பாலன் டோர் விருதைப் பெற்றார். நவம்பர் 23 அன்று சொந்த மைதானத்தில் டாட்டன்ஹாமுக்கு எதிரான ஆட்டம், இந்திய நேரப்படி இரவு 11 மணிக்கு. சிட்டியின் பக்கம் மீண்டும் எனக்கு வந்திருந்தது. ஆட்டம் தொடங்குவதற்கு முன் ரோட்ரி அந்தத் தங்கப் பந்தை ரசிகர்களுக்குக் காட்டினார். என் திரையின் ஓரத்தில் இருந்த வீரர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. 13ஆவது நிமிடத்தில் ஜேம்ஸ் மேடிசன் முதல் கோலை அடித்தார், 20ஆவது நிமிடத்தில் இரண்டாவதையும் அவரே அடித்தார். சரிபார்ப்பு இருக்கையில் இருந்த அண்ணன் எழுந்து வந்து, என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, திரையில் நடுவட்டத்துக்குக் கொஞ்சம் கீழே ஆளில்லாமல் கிடந்த இடத்தில் விரலை வைத்தார்.